ஓகஸ்டில் எந்தக் கரை: கற்பிட்டி, மன்னார், வாகரை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கையகல நீலமாகக் கடல் தெரியும். ஆனால் அந்தக் கடலுக்குப் போய்ச் சேர மெரைன் டிரைவைக் கடக்க வேண்டும், தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும், கருங்கற்களில் கால் வழுக்காமல் இறங்க வேண்டும். எழுபத்து நான்கு வயதான அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், மூன்று ஆண்டுகளாக அவர் கடல்நீரில் கால் நனைக்கவில்லை. பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்த அவர் போன மாதம் ஒருநாள், "ஆளரவம் இல்லாத கடற்கரையில நாலு நாள் இருந்திட்டு வருவமே தம்பி" என்று கேட்டார். அவர் ஒன்றைக் கேட்பது மிக அரிது. ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் அம்மா, தங்கை குடும்பம், நாங்கள் என ஏழு பேர், அவர்களில் இருவர் சிறுவர்கள், ஒரு வான் வண்டியில் போய் நான்கு இரவுகள் தங்கிவரத் தீர்மானித்தோம். எந்தக் கரைக்குப் போவது என்பதில்தான் வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. தங்கை மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டி என்றாள். மைத்துனர் வடமேற்கிலுள்ள மன்னார் என்றார். நான் கிழக்குக் கரையிலுள்ள வாகரை என்றேன். மூன்று இடங்களுக்கும் வெவ்வேறு காலங்களில் போயிருக்கிறேன் என்பதால், என் விருப்பத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் நேர்மையாக எடைபோட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. இதே கேள்வியோடு கொழும்பில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில், எவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிலாவெளியும் அறுகம்குடாவும் அழகான இடங்கள்தான். ஆனால் ஓகஸ்டில் அங்கே ஆளரவம் இல்லாத கரையைத் தேடுவது வீண். அறுகம்குடாவுக்குத் தெற்கே பாணமையும், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியவர்கள் தங்கிச் செல்லும் உகந்தையும் உண்மையிலேயே அமைதியான இடங்கள்; ஆயினும் கொழும்பிலிருந்து பொத்துவில் போய்ச் சேரவே ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடும் என்பதால், முழங்கால் வலியுள்ள ஒருவரை அவ்வளவு தூரம் உட்கார்த்திக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

இனி, எஞ்சிய மூன்றையும் எதைக்கொண்டு அளப்பது? பெரும்பாலானோர் தூரத்தையும் அறை வாடகையையும் முதலில் பார்க்கிறார்கள். இலங்கையின் கரைகளைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது காற்று என்பதே என் கருத்து. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையை அடித்துக்கொண்டிருக்கும்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வருடக் கடைசியில் வடகீழ் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். இதைக் கரையோர மக்களிடம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்திலிருந்தும் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்தும் கரைவலைக்காரர்களும் படகுக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகப் பருவம் பார்த்து இடம்மாறி, கிழக்குக் கரையிலும் வடகிழக்குக் கரையிலும் வாடி போட்டுத் தொழில் செய்துவிட்டு, காற்று மாறியதும் ஊர் திரும்பி வருகிறார்கள். ஓலையும் தகரமும் கொண்டு போட்ட அந்த வாடிகள் எந்த மாதத்தில் எந்தக் கரையில் நிற்கின்றன என்று பார்த்தாலே, நம்முடைய பயணக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அந்தப் பாதியை மறந்துவிட்டு எடுக்கும் முடிவு, எவ்வளவு பணம் செலவழித்தாலும் சரிவராது.

கற்பிட்டியை எடுத்துக்கொள்வோம். தூரத்தில் அதற்கு நிகரில்லை. சிலாபம், புத்தளம் வீதியில் போய்ப் பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால், ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்தில் போய்விடலாம்; வழியில் முன்னேஸ்வரத்தில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது அம்மாவுக்குப் பெரிய ஈர்ப்பு. ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல், நடுவே மணலில் கிணறு வெட்டி மிளகாயும் வெங்காயமும் பயிரிடும் தோட்டங்கள் என்று அந்தக் குடாநாடே தனி அழகு. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இருக்கிறது. தலவில் புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் தமிழும் சிங்களமும் கலந்து பேசி வாழும் சிறிய ஊர்கள் இருக்கின்றன. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் வந்து குடியேறியதும் இந்தப் புத்தளம் பகுதியில்தான்; தேநீர்க்கடையில் பேச்சுக் கொடுத்தால் மன்னார்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் காதில் விழும்.

ஆனால் நாங்கள் போகப்போவது ஓகஸ்டில். கற்பிட்டியில் டொல்பின் கூட்டங்களைப் பார்க்கப் படகு போவது நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்தில். ஓகஸ்டில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் அங்கே ஓயாமல் வீசும் பலத்த காற்று, பட்டம் கட்டிப் பலகையில் நீர்மேல் சறுக்கி விளையாடுவோருக்கு வரப்பிரசாதம். அதற்காகவே உலகின் பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். அம்மாவுக்கோ அது கண்ணில் விழும் மணல் மட்டுமே. களப்புப் பக்கம் ஒதுங்கி உட்காரலாம் என்றால், அது கடற்கரை ஆகாது. மேலும் நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி அந்தக் கரையின் பெரும்பகுதியிலிருந்து தெரிகிறது. நாட்டுக்கு மின்சாரம் தேவை என்பதை மறுக்கவில்லை; ஆளரவமற்ற கரை என்று கேட்டவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த இயலாது என்பதை மட்டும் சொல்கிறேன். கற்பிட்டிக்கு ஜனவரியில் அல்லது பெப்ரவரியில் போக வேண்டும். தங்கையும் இதை ஒப்புக்கொண்டுவிட்டாள்.

மன்னாரின் கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை. இந்த மூன்றில் என் மனதை மிகவும் இழுப்பது மன்னார்த் தீவுதான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பனங்கூடல்களும், வீதியில் ஆறுதலாக நடந்துபோகும் கழுதைகளும், பேசாலையில் வெயிலில் காயும் கருவாட்டின் வாசனையும், பள்ளிமுனையில் 19 மீற்றருக்கும் அதிகமான சுற்றளவோடு நிற்கும் பெருக்கமரமும் இலங்கையின் வேறெந்த ஊரிலும் ஒன்றாகக் கிடைக்காதவை. தலைமன்னார் இறங்குதுறையில் நின்று மேற்கே பார்த்தால், 1914ஆம் ஆண்டு தொடங்கித் தனுஷ்கோடிக்குக் கப்பல் போய்வந்த கடல் தெரியும். கொழும்புக் கோட்டையில் பற்றுச்சீட்டு வாங்கிச் சென்னை வரை போன காலம் ஒன்று இருந்தது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு தனுஷ்கோடிக்கான அந்தக் கப்பல் வழி முடிந்தது. பின்னர் போர் புகையிரதப் பாதையையும் அழித்தது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் தலைமன்னார் வரை மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. வானில் ஆறேழு மணித்தியாலம் குந்தியிருப்பதற்குப் பதிலாகப் புகையிரதத்தில் காலை நீட்டிக்கொண்டு போகலாம் என்பது மைத்துனரின் வாதம். அதில் நியாயம் உண்டு.

காற்றைப் பொறுத்தவரை மன்னார் தனக்குள்ளேயே ஓர் ஒப்பீட்டை வைத்திருக்கிறது. தீவு நீண்டு ஒடுங்கிக் கிடப்பதால் அதற்கு வடகடல், தென்கடல் என இரு முகங்கள். தென்மேல் காற்று வீசும்போது தென்கடல் முரண்டு பிடிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். ஆகவே ஓகஸ்டிலும் பேசாலை, தலைமன்னார் வடகரையில் அலை குறைவாகவே இருக்கும். ஆனால் அலை குறைந்தாலும் காற்றுக் குறையாது. தம்பபவனி என்று பெயரிட்டு 2020ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிவைக்கப்பட்ட 103.5 மெகாவாற் காற்றாலைத் தொகுதியின் முப்பது விசைச்சுழலிகள் தென்கரையோரம் ஏன் வரிசையாக நிறுத்தப்பட்டன என்பது, அந்த மாதத்தில் அங்கே குடையை விரித்துப் பார்ப்பவருக்கு உடனே விளங்கிவிடும். அவை வந்த பின்னர் வெள்ளம் வடியும் வழியும் பறவைகளின் வழியும் மீன்பிடியும் என்னவாகின்றன என்று மன்னார் மக்கள் கேட்டு வருகிறார்கள். 2025ஆம் ஆண்டில் அதற்காக வீதியிலும் இறங்கினார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். நாலு நாள் விருந்தாளிகளாகப் போகும் நாமும் அந்தக் கேள்வியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஓகஸ்டுக்கு எதிராக இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஓகஸ்ட் 15ஆம் திகதி மன்னார் மாவட்டத்தின் மடுத் தேவாலயத்தில் மடுமாதாவின் திருவிழா. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்கும் அந்நாட்களை ஒட்டி மன்னாரில் அறை கிடைப்பதும் புகையிரதத்தில் இருக்கை கிடைப்பதும் கடினம். இரண்டாவது, பறவைகள். 2010ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த றம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளும் வாத்துக்கூட்டங்களும் இறங்கும் காட்சியே மன்னாரின் முழுச் செல்வம். அந்த வலசைப் பறவைகள் வருவது ஒக்டோபருக்குப் பிறகுதான். மருமகனுக்குப் பத்து வயது. பறவைப் படம் கீறிக் கொப்பி நிரப்புகிறவன். அவனை வரண்ட ஓகஸ்டில் அழைத்துப்போய் வெறும் சேற்று நிலத்தைக் காட்டிவிட்டு வர விரும்பவில்லை. திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தக்கரையில் அம்மாவை உட்கார்த்தி வைக்கவும் மாசி மாதமே ஏற்றது.

இப்போது வாகரை. பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை தாண்டி ஓட்டமாவடிப் பக்கத்தில் திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில் வடக்கே திரும்பினால், மாங்கேணி, காயன்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்கள் வரும். கேணி, கேணி என்று முடியும் அந்தப் பெயர்களே, உப்புக்காற்றடிக்கும் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் தேடிக் குடியமர்ந்த மக்களின் வரலாற்றைச் சொல்கின்றன. பனிச்சங்கேணிப் பாலத்தில் வானை நிறுத்தி இறங்கினால் ஒருபுறம் கண்ணாக்காடு (அலையாத்திக் காடு) சூழ்ந்த களப்பு, மறுபுறம் அது கடலோடு சேரும் முகத்துவாரம். அதற்கப்பால் வாகரை, கதிரவெளி, பின்னர் மகாவலியின் கிளையான வெருகலாறும் அதன் கரையில் முருகன் கோவிலும். வீதிக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் பனையும் மரமுந்திரிகையும் மணல்மேடும் தவிர வேறொன்றும் இல்லை. மூதூர் வரையான இந்தப் பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடர் குடிகளும் வாழ்கிறார்கள். மீன்பிடியும் தேனெடுப்பும் அவர்களுடைய பழைய சீவியம்.

ஓகஸ்டில் இங்கே காற்று மேற்கிலிருந்து, தரையைக் கடந்து வருகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள். அது வெக்கையானது, உடம்பை உலர்த்திவிடும், பகலில் பத்து மணிக்குப் பிறகு மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆனால் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் தட்டையாகக் கிடக்கும். அம்மா போன்றவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு நீரில் நிற்கலாம். இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது: காற்றடைத்த மிதவையில் பிள்ளைகளை விட்டால் கச்சான் அதை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். உயிர்காப்பாளர் எவரும் அந்தக் கரையில் இல்லை. ஆகவே மிதவை கொண்டுபோவதில்லை என்று வீட்டில் இப்போதே உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கதிரவெளியில் ஒரு விடிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தேன். இரண்டு கயிறுகள் கடலுக்குள்ளிருந்து, ஒன்றுக்கொன்று இருநூறு முந்நூறு அடி தள்ளிக் கரையேறின. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர், இடுப்பில் கட்டிய பட்டியைக் கயிற்றில் கொளுவி, குதிக்கால் மணலில் புதையப் பின்னோக்கிச் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். ஒரு கிழவர் அம்பாப் பாட்டின் ஓரடியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் மூச்சோடு மூச்சாக அதைத் திருப்பிச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றிருக்கும். வலையின் மடி கரைக்கு வந்து அவிழ்ந்தபோது கீரிமீனும் சூடையுமாக வெள்ளியாய்க் கொட்டியது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் அதைக் கால்விரலால் கிளறிப் பார்த்தார். வலையில் அகப்பட்ட பேத்தை ஒன்று வயிற்றை ஊதிக்கொண்டு உருண்டு கிடக்க, ஒரு சிறுமி அதன் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் அலையில் விட்டுவிட்டு, அது நீந்திப் போகும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் வாங்க வந்த அக்கா ஒருவர் என்னிடம், "கறிக்கு வேணுமெண்டா இப்பவே சொல்லுங்க தம்பி, லொறி வந்தாக் கிடைக்கா" என்றார். அன்றைக்கு நாங்கள் தங்கியிருந்த வீட்டில் புட்டோடு சாப்பிட்டது அந்தக் கீரிமீனைத்தான்.

இந்தக் கரையைத் "தீண்டப்படாத கரை" என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்துகிறது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் இந்த ஊர்களை வாரிக்கொண்டு போனது. இரண்டாண்டு கழியுமுன், 2006ஆம் ஆண்டு நவம்பரில், கதிரவெளியில் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஜனவரிக்குள் வாகரையே வெறிச்சோடிப் போனது. வீதியைப் பொறுத்தவரையும், திருகோணமலைக்குப் போகும் வழியில் ஆறுகளைப் "பாதை" என்று சொல்லப்படும் மிதவையிலேயே கடக்க வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், அடுத்தடுத்து மற்றப் பாலங்கள் வந்ததும்தான் அந்த வழி தொடர்ச்சியான வீதியாயிற்று. இங்கே கட்டடங்கள் எழாமல் போனதற்குக் காரணம் இவைதான். அம்மா விரும்பும் அமைதியை இந்த மக்கள் மிகப் பெரிய விலை கொடுத்துச் சுமந்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அங்கே போகிறேன். அதனாலேயே தங்குமிடத்தைத் தெரிவுசெய்யும்போது, பணம் ஊருக்குள் நிற்கும் இடமாகப் பார்த்தேன்.

வாகரைக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் சில உண்டு. தூரம் மன்னாரை விடக் குறைவில்லை. வழியில் ஹபரணையிலும் வெலிக்கந்தை, புணானைப் பக்கத்திலும் அந்தி சாய்ந்தபின் யானை வீதிக்கு வரும் என்பதால் இருட்டுமுன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பெரிய வைத்தியசாலை வேண்டுமானால் வாழைச்சேனைக்கு, அதற்கும் மேலென்றால் மட்டக்களப்புக்குத்தான் ஓட வேண்டும். இந்த ஒரு விடயத்தில் மன்னார் நகர் வாகரையைவிட மேலானது. மாவட்டப் பொது வைத்தியசாலை அந்த நகரிலேயே இருக்கிறது. அறைகள் மிகக் குறைவு, குளிரூட்டி உள்ளவை அதனிலும் குறைவு. கடைகள் நேரத்தோடு பூட்டிவிடும். காசுக்கு வாழைச்சேனையிலேயே இயந்திரத்தில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

இந்தக் குறைகளைப் பார்த்த மைத்துனர், பாசிக்குடாவில் தங்கிப் பகலில் வாகரைக்குப் போய்வரலாமே என்றார். பாசிக்குடாவின் குடா நீர், ஆழமில்லாமல் வெகுதூரம் நடந்துபோகக் கூடியது. முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடப் பாதுகாப்பான கடல் கிழக்கில் இல்லை. ஆனால் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே கரையோரம் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்துவிட்டன. விடுமுறை நாட்களில் பாட்டுப்பெட்டியோடு பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்திறங்குகிறார்கள். அதன் பக்கத்திலுள்ள கல்குடாவில் நிலைமை வேறு. வீட்டுக்காரரே நடத்தும் சிறு விடுதிகள், நீண்ட வெறுங்கரை, வாழைச்சேனை வைத்தியசாலை மிக அருகில். மைத்துனரின் யோசனையை அப்படியே ஏற்காமல், அதிலிருந்து ஒரு பாதியை எடுத்துக்கொண்டேன்.

முடிவு இதுதான்: முதல் இரவு கல்குடாவில். அம்மா பயணக் களைப்பு ஆறி, உடம்பு எப்படியிருக்கிறது என்று பார்த்த பின், மறுநாள் காலை வாகரைக்கு. அங்கே மூன்று இரவுகள். உடம்புக்கு ஒத்துவராவிட்டால் மூன்று இரவையும் கல்குடாவிலேயே கழிக்கலாம் என்று அந்த வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் மனமுவந்து சம்மதித்தார். காயன்கேணிப் பவளப்பாறை 2019ஆம் ஆண்டு முதல் கடல்சார் சரணாலயமாகப் பாதுகாக்கப்படுவதால், அதைப் பார்க்கப் பெரியவர்கள் இருவர் மட்டும் ஊர்ப் படகில் போவோம். பாறையில் கால் ஊன்றுவதில்லை, எதையும் எடுப்பதில்லை. கோட்டையிலிருந்து மட்டக்களப்புப் புகையிரதத்தில் வாழைச்சேனைக்கு வரலாம் என்றாலும், வாகரைக்குள் போக வர வாகனம் வேண்டும் என்பதால் வானே வசதி. விடியப்புறம் நான்கு மணிக்கு வெள்ளவத்தையை விட்டால் மத்தியானச் சோற்றுக்குப் பொலன்னறுவை, மூன்று மணிக்குள் கல்குடா. மன்னாரைப் பெப்ரவரிக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம்; மருமகன் பூநாரை கீறுவதற்காகப் புதுக் கொப்பி ஒன்றை இப்போதே எடுத்துவைத்துவிட்டான்.

வாகரையில் தங்கப்போகும் வீட்டு அம்மாவோடு நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், உறைப்பு எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துவிட்டு, காலையில் கரையில் கிடைப்பதைப் பார்த்துத்தான் கறி, அதற்குச் சம்மதம்தானே என்று கேட்டார். சம்மதம் என்றேன். ஆடி வெள்ளியில் எங்கள் அம்மா மீன் தொடமாட்டார் என்பதை மட்டும் சொன்னேன். அவர் உடனே, "எங்கட வீட்டிலயும் அண்டைக்கு மரக்கறிதான் தம்பி" என்றார்.